அமெரிக்கத் தெற்கின் பழைய டீ கேக்: முதன்முறை சுடுபவர்களுக்கு

பேக்கிங் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் சாக்லேட் சிப் குக்கீயில்தான் தொடங்குகிறார்கள். என் கட்சி வேறு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுவரும் டீ கேக்கில் தொடங்குங்கள் என்பேன். சாக்லேட், முந்திரி, ஐசிங் எதுவும் இதில் கிடையாது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் மோர், கொஞ்சம் ஜாதிக்காய், அவ்வளவுதான். குறையை மூடி மறைக்க ஒன்றுமே இல்லாததால், வெண்ணெய் எந்தப் பதத்தில் இருந்தது, மாவை எவ்வளவு பிசைந்தீர்கள், எப்போது வெளியே எடுத்தீர்கள் என்பதெல்லாம் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். இதில் கை பழகிவிட்டால் மற்ற குக்கீகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நம் ஊர் பேக்கரியில் துண்டு போட்டு விற்கும் டீ கேக்கை மனதில் வைத்துக்கொண்டு இதற்கு வராதீர்கள். இங்கிலாந்தில் அதே பெயரில் உலர்திராட்சை போட்ட பன் ஒன்று உண்டு, அதுவும் இல்லை. தெற்கின் டீ கேக் வட்டமாக, தட்டையாக, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும். ஓரத்தில் லேசான மொறுமொறுப்பு, நடுவில் மெத்தென்று ஒரு பதம். இனிப்பும் மிதமானதுதான்.

இது யாருடைய கைப்பக்குவம் என்று தெரிந்துகொண்டு சுடுவது நல்லது. தேநீரோடு சின்னச் சின்னக் கேக்குகள் தின்னும் பழக்கம் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. ஆனால் தென்மாநிலப் பண்ணை முதலாளிகளின் வீடுகளில் அடுப்படியில் நின்று அவற்றைச் சுட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். வெள்ளைச் சர்க்கரையும் வெண்ணெயும் முதலாளி வீட்டு மேசைக்குப் போயின. தங்கள் குடிசைகளில் அதே பண்டத்தை மொலாசஸ் பாகையும் (கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகு) பன்றிக் கொழுப்பையும் வைத்து அவர்கள் செய்துகொண்டார்கள். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், அந்த மாநிலத்தின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் வெளியிட்டார். அந்த நாளைத்தான் ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். 2021 முதல் அது அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் விடுமுறை நாள். அந்தக் கொண்டாட்டத்துக்கு டீ கேக் சுடும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

வாய்வழியாக வந்த பண்டம் என்பதால் வீட்டுக்கு வீடு அளவு மாறும். அந்தக் காலத்துக் குறிப்புகளில் 'ஒரு முட்டை அளவு வெண்ணெய்', 'மாவு உருட்டும் பதத்துக்கு வரும் வரை மைதா' என்று இருக்குமே தவிர, கிராம் கணக்கெல்லாம் இருக்காது. பல வருடம் சுட்ட கைக்கு அது போதும். புதிதாகத் தொடங்குபவருக்குப் போதாது. அதனால் முதல் வேலையாக, கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கப்பால் அளந்தால் மைதாவை அழுத்தி நிரப்பினீர்களா, தூவி நிரப்பினீர்களா என்பதைப் பொறுத்து ஒரு கப்புக்கு 20, 30 கிராம் வித்தியாசம் வரும். குக்கீக்கு அது பெரிய வித்தியாசம்.

தேவையானவை

சுமார் 25 டீ கேக்குக்கு:

மைதா – 300 கிராம்
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
ஆப்ப சோடா – கால் டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்
துருவிய ஜாதிக்காய் – கால் டீஸ்பூன்
வெண்ணெய் – 115 கிராம்
சர்க்கரை – 180 கிராம்
முட்டை – 1
மோர் – 3 டேபிள்ஸ்பூன், அதாவது 45 மில்லி
வெனிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்

டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. அளவுக் கரண்டி செட்டில் இருப்பதையே பயன்படுத்துங்கள். காபி கலக்கும் ஸ்பூன் கணக்கில் வராது.

இனி ஒவ்வொன்றாக. தெற்கில் விளையும் கோதுமை பெரும்பாலும் மென்மையான ரகம். அதில் புரதம் குறைவு. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883-இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு அங்கே இருக்கும் மவுசுக்குக் காரணம் அதுதான். புரதம் குறைந்தால் பசைத்தன்மை குறையும், பண்டம் வாயில் கரையும். நம் மைதா பாக்கெட்டின் பின்னால் பாருங்கள், 100 கிராமுக்கு 10 கிராமை ஒட்டிப் புரதம் போட்டிருப்பார்கள். அப்படியே பயன்படுத்தலாம், ஒன்றும் மோசமாகாது. இன்னும் மெத்தென்று வேண்டுமானால் 30 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கார்ன்ஃப்ளார் சேருங்கள். கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் கிடைப்பது டீ கேக் அல்ல.

சர்க்கரையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அமெரிக்கச் சர்க்கரை பொடி மணலாக இருக்கும். நம் கடைச் சர்க்கரை அதைவிடப் பருமனாக இருக்கும். அப்படியே போட்டால் வெண்ணெயோடு சரியாகக் கலக்காது, வெந்த பிறகும் நறநறவென்று தட்டுப்படும். மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு நிறுத்துங்கள். மாவாக அரைத்துவிடக் கூடாது. ஏன் என்பது வெண்ணெய் அடிக்கும்போது வரும்.

வெண்ணெய் உப்பில்லாததாக இருந்தால் நல்லது. உப்பு போட்ட மஞ்சள் நிற டேபிள் பட்டர்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதுவும் சரி, பட்டியலில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். மார்ஜரின் வேண்டவே வேண்டாம். இந்தக் குக்கீயில் பாதி மணம் வெண்ணெயின் மணம்.

மோர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இப்போது அமெரிக்கக் கடைகளில் மோர் என்று விற்பது, பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்க வைத்த கெட்டியான திரவம். அந்தக் காலத்துத் தெற்குப் பண்ணை வீடுகளில் இருந்தது அதுவல்ல. வெண்ணெய் கடைந்து எடுத்த பிறகு மிஞ்சும் மோர்தான் அங்கேயும் இருந்தது. எனவே வீட்டு மோர் பழைய முறைக்கு நெருக்கமானதே. மிகவும் நீர்த்ததாக இருந்தால் மட்டும் பயனில்லை. இரண்டு பங்கு கெட்டித் தயிரில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள், லேசாகப் புளித்திருக்கட்டும். அந்தப் புளிப்புதான் ஆப்ப சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கி மாவை உப்ப வைக்கிறது. தாளித்த மோரை யாரும் ஊற்றமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பழைய குறிப்புகள் பலவற்றில் சோடா மட்டுமே இருக்கும், அதுவும் தாராளமாக. மோரின் புளிப்புக்கு மிஞ்சிச் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும். கால் டீஸ்பூன் சோடாவும் மீதிக்கு பேக்கிங் பவுடரும் என்று நான் வைத்திருப்பது அதனால்தான்.

ஜாதிக்காயை முழுதாக வாங்கி, தேவைப்படும்போது துருவுங்கள். பொடியாக வாங்கியது டப்பாவிலேயே மணத்தை விட்டுவிடும். கால் டீஸ்பூனைத் தாண்டவும் கூடாது. கூடினால் கஷாய வாடை வந்துவிடும். சில குடும்பங்களில் ஜாதிக்காயை விட்டுவிட்டு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுவார்கள். மஞ்சள் பகுதியை மட்டும் துருவினால் அதுவும் நன்றாக இருக்கும்.

வெண்ணெய் அடிப்பது

இந்தக் குக்கீ உருப்படுவதும் கெடுவதும் இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

எல்லா ஆங்கிலக் குறிப்பிலும் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதியிருக்கும். அவர்கள் அறை 20 டிகிரி செல்சியஸ். மே மாதம் சென்னையிலோ மதுரையிலோ அறை வெப்பநிலைக்கு விட்டால் வெண்ணெய் எண்ணெயாகக் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது 18 முதல் 20 டிகிரி வரை உள்ள வெண்ணெய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்தால் நம் வெயிலுக்கு 10, 15 நிமிடம் தாராளம். விரலால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் உள்ளே இறங்கக் கூடாது, வெண்ணெய் பளபளக்கவும் கூடாது. பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது. மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

அகலமான பாத்திரத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு அடியுங்கள். சர்க்கரைப் படிகங்களின் விளிம்பு வெண்ணெயைக் கீறிக் கீறிச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும். சோடாவும் பேக்கிங் பவுடரும் பின்னால் தரும் வாயு இந்த அறைகளில்தான் போய் நிரம்புகிறது. புதிதாக அறைகளை அவை உண்டாக்குவதில்லை. சர்க்கரையை மாவாக அரைத்தால் கீறுவதற்கு விளிம்பு இல்லை, வெண்ணெய் உருகியிருந்தால் காற்றைப் பிடித்து வைக்கத் தெம்பில்லை. இரண்டில் எது நடந்தாலும் குக்கீ தட்டையாகப் பரவிப்போகும்.

கையில் பிடிக்கும் மின்சார பீட்டர் இருந்தால் நடு வேகத்தில் 3 நிமிடம். மரக்கரண்டியால் அடிப்பதென்றால் 8, 10 நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். அந்தக் காலத்தில் எல்லாம் மரக்கரண்டிதான். மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை இலேசாகி, அளவில் கொஞ்சம் கூடியது தெரிந்தால் போதும். நடுவில் இரண்டு முறை பாத்திரத்தின் ஓரத்தை வழித்துவிடுங்கள்.

முட்டையை முன்கூட்டியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருக்க வேண்டும். கிண்ணத்தில் உடைத்துக் கலக்கி, வெனிலா சேர்த்து, இரண்டு தடவையாக ஊற்றி அடியுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கலவை திரிந்துபோன தோற்றம் வரும். வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மைதா சேர்ந்ததும் கூடிக்கொள்ளும்.

முட்டை சாப்பிடாதவர்கள் முட்டைக்குப் பதில் 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்து, மோரை 1 டேபிள்ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளலாம். நடுப்பகுதியின் கேக் தன்மை குறையும், பிஸ்கட்டின் பக்கம் சாயும்.

மாவு சேர்ப்பது

மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஜாதிக்காய் ஐந்தையும் சேர்த்து ஒருமுறை சலித்து வைத்திருங்கள். பாதியை வெண்ணெய்க் கலவையில் போட்டுக் கிளறி, மோரை ஊற்றி, மீதி மாவைப் போடுங்கள். இந்த இடத்தில் பீட்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை நமக்கு, இன்னும் நாலு அழுத்து அழுத்தத் தோன்றும். கூடாது. பிசையப் பிசைய மைதாவின் பசை இறுகும். சப்பாத்திக்கு அது நல்லது, இதற்கு ஆகாது.

கலவை தளதளவென்று கையில் ஒட்டும். 'தண்ணியா போச்சோ' என்று பயந்து மைதாவை அள்ளிப் போடாதீர்கள். குளிர்ந்தால் இறுகிவிடும். இரண்டாகப் பிரித்து, 2 சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும். குறைந்தது 2 மணி நேரம். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது, மைதா ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும், ஜாதிக்காய் மணமும் மாவெங்கும் ஏறும்.

தேய்த்து வெட்டுவது

வெட்டும் முன்பே மின்சார அவனை (oven) சூடுபடுத்த வையுங்கள். 175 டிகிரி செல்சியஸ். ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) என்றால் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும், தட்டு நடுத்தட்டில். 15 நிமிடமாவது சூடேறட்டும். காற்றாடி ஓடும் கன்வெக்ஷன் அவனாக இருந்தால் 160 போதும்.

ஒரு பாதி மாவை மட்டும் வெளியே எடுத்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து சப்பாத்திக் கட்டையால் 6 அல்லது 7 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். மாவு தூவித் தேய்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் தூவும் மைதாவெல்லாம் உள்ளே போய்க் குக்கீயை இறுக்கிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிஸ்கட்டாகிவிடும்.

வெட்டுவதற்குத் தனிக் கட்டர் எதுவும் தேவையில்லை. தெற்கில் கண்ணாடி டம்ளரின் வாயாலும் காலி டின்னாலும்தான் வெட்டிவந்தார்கள். 6, 7 சென்டிமீட்டர் வாய் உள்ள டம்ளரை மைதாவில் தொட்டு, நேராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். திருகக் கூடாது, ஓரம் இழுபட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உப்பும். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒருமுறை மட்டும் மறுபடி தேய்க்கலாம். அதிலும் மிஞ்சுவதைக் கையால் தட்டி அப்படியே சுட்டுவிடுங்கள். கோணலாக இருக்கும், அதைச் சமைப்பவர் தின்னலாம். நடுவில் மாவு இளகித் தாளில் ஒட்டத் தொடங்கினால், தாளோடு ஃப்ரீசரில் 5 நிமிடம் வைத்து எடுங்கள்.

தேய்க்கப் பொறுமை இல்லையா? மாவில் இன்னும் 2 டேபிள்ஸ்பூன் மோர் சேர்த்துத் தளர்த்தி, கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்துச் சுடும் முறையும் பழையதுதான். வடிவம் ஒழுங்காக வராது, நடுப்பகுதி இன்னும் பஞ்சாக இருக்கும். நான் தேய்த்து வெட்டும் கட்சி.

சுடுவது

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே கொஞ்சம் சர்க்கரை தூவுவது உங்கள் விருப்பம். 10 முதல் 12 நிமிடம். எட்டாவது நிமிடத்திலிருந்து அவன் முன்னால் நின்றுகொள்ளுங்கள், போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போகாதீர்கள்.

புதிதாகச் சுடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, நிறத்துக்காகக் காத்திருப்பது. டீ கேக்கின் மேல்புறம் சிவக்கவே கூடாது. வெளிறித்தான் இருக்கும். ஒன்றின் ஓரத்தைத் தோசைத் திருப்பியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் விளிம்பு மட்டும் மெல்லிய பொன்னிறமாகியிருந்தால், நடு இன்னும் வேகாத மாதிரி மெத்தென்று தெரிந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். சூடான தட்டிலேயே 5 நிமிடம் இருக்கும்போது மீதி வேக்காடு முடிந்துவிடும். அப்புறம் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். மேல்புறம் சிவந்த பிறகு எடுத்தால் ஆறியதும் கடக் கடக்கென்று இருக்கும்.

சின்ன ஓடிஜிகளில் ஏதாவது ஒரு மூலை கூடுதலாகச் சூடாகும். 6 நிமிடம் ஆனதும் தட்டைத் திருப்பி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் கருக்கும், அலுமினியத் தட்டுதான் என் தேர்வு. முதல் முறை மூன்று நான்கை மட்டும் சுட்டுப் பார்த்து, உங்கள் அவனின் குணம் தெரிந்த பிறகு மீதியை வையுங்கள்.

அவன் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மின்சாரத்துக்கு முந்திய தெற்கு வீடுகளில் மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டியைத் தணல் மேல் வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டிச் சுட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்குத் தம் போடுவது போலத்தான். நம் கேஸ் அடுப்பில் அடி கனத்த பெரிய பாத்திரத்தில் ஒரு அங்குலத்துக்கு உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி, நடுத்தணலில் 10 நிமிடம் சூடாக்குங்கள். நான்கைந்து குக்கீகளைச் சின்னத் தட்டில் வைத்து இறக்கி, சிறு தணலில் 15 முதல் 18 நிமிடம். மேலிருந்து சூடு வராததால் மேல்புறம் சிவக்காது, இந்தப் பண்டத்துக்கு அது குறையே இல்லை. பிரஷர் குக்கரைப் பயன்படுத்தினால் காஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட வேண்டும், இதில் அலட்சியம் கூடாது.

சரியாக வரவில்லை என்றால்

தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வெண்ணெய் அதிகம் இளகியிருந்தது, அல்லது மாவு போதுமான நேரம் குளிரவில்லை. அடுத்த தட்டை வெட்டிய பிறகு, 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து நேராக அவனுக்குள் தள்ளுங்கள். கடிக்கக் கடினமாக இருந்தால் அதிகம் பிசைந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் மைதா கூடியிருக்கும். உப்பாமல் கனமாக இருந்தால் பேக்கிங் பவுடர் பழையது. அரை டீஸ்பூன் பவுடரை வெந்நீரில் போட்டால் புசுபுசுவென்று பொங்க வேண்டும், பொங்காவிட்டால் புது டப்பா வாங்குங்கள்.

இதே மாவில் மாற்றம் செய்ய ஆசை வரும். மொலாசஸ் கிடைத்தால் அந்தப் பழைய கறுப்பு டீ கேக்கை ஒருநாள் முயன்று பாருங்கள், ஆனால் அதற்கு அளவுகள் வேறு, இதில் அப்படியே ஊற்ற முடியாது. நாட்டுச் சர்க்கரை போட்டால் மணமாக இருக்கும், ஈரம் கூடுதலாகி மாவு இன்னும் இளகும். எள் சேர்க்கலாமா என்று கேட்டால், தெற்கிலேயே அதற்கு ஒரு தனிப் பண்டம் உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து பென்னே வேஃபர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு எள்ளும் அங்கே போனது. அது மெல்லியதாக, மொறுமொறுவென்று, கருப்பட்டி நிறத்தில் இருக்கும், டீ கேக்குக்கு நேர் எதிர். எள்ளை அதற்கே விட்டுவிடுங்கள்.

வைத்திருப்பது

முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துவிடும். இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில், அடியில் தாள் விரித்து அடுக்கினால் 5 நாள் நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் சுவை முதல் நாளைவிட மேல், ஜாதிக்காயும் வெண்ணெயும் அதற்குள் ஒன்றாகியிருக்கும். கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்துக்கு ஓரத்து மொறுமொறுப்பு சீக்கிரம் போகும். 150 டிகிரியில் 4 நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப வந்துவிடும்.

ஒரேயடியாக 25 தேவையில்லை என்றால் ஒரு பாதி மாவைத் தேய்த்து வட்டமாக வெட்டி, நடுவில் தாள் வைத்து அடுக்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது எடுத்து, உருக விடாமல் அப்படியே தட்டில் வைத்து, வழக்கத்தைவிட 2 நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.